ஒரே உடம்புக்குள் இரண்டு பாடம்

பிரிட்டனின் நடன அமைப்பாளர் அக்ரம் கானின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அவருடைய முதுகுத்தண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். வட இந்தியச் செவ்வியல் நடனமான கதக்கைப் பயின்ற உடம்பில் முதுகு நிமிர்ந்தே இருக்கும். பாதங்கள் எத்தனை வேகமாகத் தாளத்தைத் தட்டினாலும், சுழற்சிகள் எத்தனை அடுக்கடுக்காக வந்தாலும், அந்த நடுக்கோடு விலகக் கூடாது. விலகினால் தாளச் சுற்றின் முதல் தட்டான 'சம்' வந்து விழும் இடத்தில் ஆடுபவரால் நிற்க முடியாது. சமகால நடனப் பள்ளியோ அந்த நடுக்கோட்டைத்தான் முதலில் கைவிடச் சொல்லும். முதுகைத் தளர்த்து, எடையைத் தரைக்குக் கொடு, விழு, உருளு, விழுந்த வேகத்திலேயே எழுந்திரு என்பதுதான் அங்கே அரிச்சுவடி. 7 வயதில் பிரதாப் பவாரிடம் கதக் கற்கத் தொடங்கி, பின்னர் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலும் லீட்ஸ் நகரின் நார்தர்ன் ஸ்கூல் ஆஃப் கன்டெம்பரரி டான்ஸிலும் பயின்ற அவருக்குள், இந்த இரண்டு கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதின. தன் உடம்பு குழம்பிப்போனதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைக்க முயலாமல் அதையே தன் வேலைமுறையாக்கிக்கொண்டதில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது என்பது என் எண்ணம்.

கலப்பு மரபு என்றதும் நாம் பெற்றோரின் ஊர், வீட்டில் பேசிய மொழி, மதம் என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறோம். அவை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நடன அமைப்பாளருக்கு மரபு என்பது முதலில் தசையில் படிந்த பழக்கம். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது, எங்கே மூச்சு விடுவது, பார்வையாளரை நேருக்கு நேர் பார்க்கலாமா என்பதையெல்லாம் அவர் யோசிப்பதற்கு முன்பே உடம்பு முடிவுசெய்துவிடுகிறது. ஒரே பாணியில் வளர்ந்தவருக்கு அந்த முடிவுகள் கண்ணுக்கே தெரிவதில்லை. நான் பரதநாட்டியம் கற்ற காலத்தில் முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி ஏன் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. ஆசிரியை சொன்னார், உட்கார்ந்தோம். இரண்டு பாணிகளில் வளர்ந்தவருக்கோ ஒவ்வோர் அசைவின்போதும் இன்னொரு வழியும் இருந்தது தெரியும். எனவே எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு. கலப்பு மரபின் பெருமையும் தொல்லையும் இதுதான்.

கான் 1974ஆம் ஆண்டு லண்டனில், இன்றைய வங்கதேசத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். ஒரு பக்கம் குருவிடம் கதக், மறுபக்கம் மைக்கேல் ஜாக்சன், புரூஸ் லீ, சார்லி சாப்ளின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உடம்பில் ஏற்றிக்கொண்ட சிறுவன். 13 வயதில் பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்துக்குத் தேர்வாகி அக்குழுவோடு நாடு நாடாகப் பயணம் செய்தார். அதன் திரை வடிவத்தில் ஏகலைவனாக வருபவர் அவர்தான். பாரிஸில் தங்கி வேலைசெய்த ஆங்கிலேய இயக்குநர், பிரெஞ்சுக்காரர் எழுதிய பிரதி, பல நாடுகளைச் சேர்ந்த நடிகர்கள், திரௌபதியாக மல்லிகா சாராபாய். வங்காள முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் மகாபாரதத்துக்குள் இப்படி நுழைந்தான். பின்னாளில், 2016இல், அம்பையின் கதையை 'அன்டில் தி லயன்ஸ்' என்ற பெயரில் அவர் மேடையேற்றியபோது, அது தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்த சொத்தா, பாரிஸ் நாடகக் குழுவில் சம்பாதித்த சொத்தா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை.

இத்தகைய பின்னணி உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையையே கருப்பொருளாக எடுத்துக்கொள்ளும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. 'நான் யார்' என்ற கேள்வியை மேடையில் உரக்கக் கேட்டுவிட்டால் போதும், அரங்கம் கைதட்டிவிடும். கான் அந்தப் பொறியிலிருந்து தப்பித்த விதத்துக்கு 2005இல் வந்த 'ஜீரோ டிகிரீஸ்' நல்ல சான்று. உடன் ஆடியவர் சிதி லார்பி செர்காவி. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில், மொராக்கோ நாட்டுத் தந்தைக்கும் பிளெமிஷ் தாய்க்கும் பிறந்தவர். இருவரும் தரையில் அருகருகே உட்கார்ந்து, வங்கதேசத்திலிருந்து இந்தியாவுக்குள் எல்லை கடந்தபோது கானின் பாஸ்போர்ட்டைக் காவலர்கள் வாங்கிக்கொண்ட கதையைச் சொல்கிறார்கள். சொல்வது ஒருவர் அல்ல, இருவரும் ஒரே நேரத்தில். சொற்கள் மட்டுமல்ல, இடையில் வரும் தயக்கம், கையை விரித்துவிட்டுப் பாதியில் மடக்குவது, மூக்கைத் தொடுவது போன்ற தன்னிச்சையான சைகைகள் வரை ஒன்றுபோலவே நடக்கின்றன. பேச்சு வழக்கின் தடுமாற்றம்கூட மனப்பாடம் செய்யப்பட்ட நடனமாகிவிடுகிறது. ஒருவருக்கு நேர்ந்த பயம் இன்னொருவரின் உடம்பில் அச்சுப் பிசகாமல் இருப்பதைப் பார்க்கும்போது, இது யாருடைய கதை என்ற கேள்வி தானாகவே எழுகிறது. வாய்விட்டுக் கேட்கப்படவே இல்லை. சிற்பி ஆன்டனி கோர்ம்லி இருவருடைய உடம்பையும் அச்செடுத்துச் செய்த இரண்டு பொம்மைகளும் மேடையிலேயே கிடக்கின்றன.

2011இல் வந்த 'தேஷ்' இன்னும் நேரடியானது; தந்தையையும் அவர் விட்டுவந்த நாட்டையும் பற்றிய தனி ஆட்டம். மறுவருடம் பிரிட்டனின் மேடைக்கலை விருதான ஒலிவியரும் பெற்றது. அதில் ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். கான் தலையை மழித்துக்கொள்பவர். அந்த வழுக்கை உச்சியில் மையால் கண்ணும் வாயும் வரைந்துகொண்டு, தலையை நன்றாகக் குனிந்து, உச்சியைப் பார்வையாளர் பக்கம் காட்டுகிறார். அந்தக் கணமே மேடையில் குள்ளமான, கூன் விழுந்த ஒரு பெரியவர் நிற்கிறார். மகனின் முகம் எங்கே என்று தேடினால் அது தரையைப் பார்த்தபடி கீழே மறைந்திருக்கிறது. அப்பாவாக ஆடுவதற்கு மகன் தன் முகத்தையே ஒளித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பரதத்தில் ஒரே ஆடுநர் தாயாகவும் கண்ணனாகவும் மாறிமாறி அபிநயிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஏகபாத்திர ஆட்டம் புதிதல்ல. ஆனால் அங்கே முகம்தான் எல்லாவற்றையும் செய்கிறது. இங்கே முகத்தை முழுவதுமாக அப்புறப்படுத்திவிட்டு அதே வேலையை நடத்திக்காட்டுகிறார். நான் வியந்தது அந்தத் துணிச்சலைத்தான்.

பிரிட்டனின் இன்னொரு நடன அமைப்பாளரான சோபனா ஜெயசிங்கின் கதை வேறு மாதிரியானது, தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானதும்கூட. சென்னையில் பிறந்து, இலங்கையிலும் மலேசியாவிலும் வளர்ந்து, இங்கிலாந்துக்குச் சென்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைப் படித்தவர். 1988இல் தன் நடனக் குழுவைத் தொடங்கினார். அவருடைய மரபு எது என்ற கேள்விக்கு ராக் பாடகர் டேவிட் போவியையும் பழைய ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செல்லையும் சேர்த்துச் சொன்னவர். கிண்டலுக்காகச் சொல்லவில்லை, அவர் வளர்ந்த சூழலில் அவையும் காதில் விழுந்தன.

'கான்ஃபிகரேஷன்ஸ்' என்ற அவருடைய தொடக்ககாலப் படைப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம் அதன் இசை உருவான முறை. வழக்கமாக மேற்கத்திய இசையமைப்பாளர் எழுதிவைத்த இசைக்கு நம் ஆட்டக்காரர் அடவு கோப்பார். அப்படிச் செய்தவை பெரும்பாலும் பிறர் வீட்டு விருந்தில் தயங்கித் தயங்கிக் கை நனைப்பதுபோல இருக்கும். இங்கே வரிசை தலைகீழ். தாளக் கட்டமைப்பை முதலில் வகுத்துக் கொடுத்தவர் சோபனா; அந்தக் கணக்குக்குள் நின்று ஆங்கிலேய இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் நான்கு தந்திக் கருவிகளுக்கான தன் இரண்டாவது ஸ்டிரிங் குவார்டெட்டை எழுதினார். ஜதிக்கணக்கு சட்டமாகிவிட, வயலின்களும் வியோலாவும் செல்லோவும் அதற்குள் அடங்கி ஒலித்தன. நட்டுவனார் தட்டுக்கழியோடு உட்காரவில்லை. ஆனால் அவருடைய அதிகாரம் முழுவதும் அந்த இசைக்குள் இருந்தது. பின்னாளில் சோபனாவின் ஆட்டக்காரர்கள் பார்வையாளருக்கு முதுகைக் காட்டினார்கள், ஒருவரையொருவர் தொட்டார்கள், தூக்கினார்கள், தரையில் விழுந்தார்கள். அரைமண்டியின் கோணமும் கையின் நேர்கோடும் மட்டும் எங்கோ அடியில் எலும்பாக நின்றன.

இவர்களெல்லாம் எந்தச் சூழலில் வேலைசெய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. இந்தியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த நசீம் கான், குடியேறிய சமூகங்களின் கலைகளை பிரிட்டன் புறக்கணிப்பதைப் பற்றி 1976இல் ஓர் அறிக்கை எழுதினார். 1979இல் தாரா ராஜ்குமார் லண்டனில் அகாடமி ஆஃப் இந்தியன் டான்ஸைத் தொடங்கினார். கதவு திறந்தது. ஆனால் நிதி வந்த வழியில் முத்திரையும் வந்தது. 'தெற்காசிய நடனம்' என்ற தலைப்பின் கீழ் பணம் பெறுபவர் தெற்காசியாவைக் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, யாரும் எழுதிவைக்காமலேயே, விமர்சனங்களிலும் விளம்பரங்களிலும் ஊறிப்போயிற்று. இங்கே சென்னையில் எதிர்ப்பக்கத்து முத்திரை காத்திருக்கிறது: தரையில் உருண்டுவிட்டால் அது பரதம் இல்லை. அங்கே இந்தியத்தனம் போதவில்லை, இங்கே அதிகமாகக் கெட்டுப்போய்விட்டது. இரண்டு கண்டிப்புகளுக்கும் நடுவே நின்று வேலைசெய்வது சலிப்பூட்டும் காரியம்.

அந்தக் கண்டிப்பு எதன் மீது நிற்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. பரதக் கச்சேரியில் இன்று நாம் ஆடும் உருப்படிகளின் வரிசையான மார்க்கத்தை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் பணியாற்றிய இரண்டாம் சரபோஜியின் அவை, மராத்தி, தெலுங்கு, தமிழ், ஐரோப்பிய இசை எல்லாம் ஒன்றாகப் புழங்கிய இடம். நால்வரில் ஒருவரான வடிவேலு பெயர்பெற்றது ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினை வாசித்து. ருக்மிணி தேவி அருண்டேல் 1935இல் அடையாற்றில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்துவதற்கு முன், ருஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பாலும் தூண்டுதலாலும் பாலே கற்றவர். கதக்கோ முகலாய அவைகளிலும் லக்னோ நவாபின் அவையிலும் உருப்பெற்றது. ஆகவே அக்ரம் கானிடமும் சோபனாவிடமும் வந்துசேர்ந்த 'தூய' பாடமே ஏற்கெனவே கலந்த பாடம்தான். அந்தக் கலப்பும் எல்லோருக்கும் இனிமையாக நடக்கவில்லை. ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்து விலக, அவர்களிடமும் அவர்கள் வீட்டு நட்டுவனார்களிடமும் கற்றவர்கள் மேடையேறினார்கள். சிருங்காரத்தைச் சுத்தப்படுத்தக் கிளம்பியவர்களோடு அத்தகைய குடும்பத்திலிருந்தே வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி கடைசிவரை முரண்பட்டார். எது கலந்தது என்பதோடு, யார் கையிலிருந்து எது போயிற்று என்றும் கேட்க வேண்டும்.

சோபனா 2015இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸின் லின்பரி அரங்கில் மேடையேற்றிய 'பயாதேர் – தி நைன்த் லைஃப்' இந்தக் கேள்வியைக் கேட்கிறது. இதன் வேர் நம் கடலூர்ப் பக்கத்தில் இருக்கிறது. 1838இல் திருவேந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் சிலரும் அவர்களுடைய இசைக்காரர்களும் பிரெஞ்சு வணிகர் ஒருவரின் ஏற்பாட்டில் பாரிஸுக்குக் கப்பலேறினார்கள். பாரிஸ் மக்களுக்கு அதற்கு முன்பே 'பயாதேர்', அதாவது இந்தியக் கோயில் நடனப்பெண், தெரியும்: 1830இல் மரீ தாக்லியோனி என்ற பாலே நட்சத்திரம் அப்படி ஒரு வேடத்தில் ஆடியிருந்தார். கற்பனைத் தாசி முதலில் வந்தாள், உண்மையான தாசி 8 ஆண்டுகள் கழித்து வந்தாள். வந்தவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து மயங்கிய கவிஞர் தியோஃபில் கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார். ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அவளுக்கு ஒரு சிலையே வடித்தார். அவள் என்ன நினைத்தாள் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. 1877இல் மாரியுஸ் பெதிபா பீட்டர்ஸ்பர்கில் 'லா பயாதேர்' பாலேயை அமைத்தபோது, திருவேந்திபுரம் முற்றிலும் காணாமல்போய், இந்தியா என்ற பெயரில் ஒரு ரஷ்யக் கனவு மட்டும் எஞ்சியது.

அந்த பாலே இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது. இந்திய வம்சாவளி இளைஞன் ஒருவன் அதைப் பார்க்கப் போய்த் திகைப்பதிலிருந்து சோபனா தொடங்குகிறார். அதே இளைஞன் அந்தக் கோயில் நடனப்பெண்ணாகவே மாறுகிறான். மலேசியாவில் வளர்ந்த சூரஜ் சுப்ரமணியம் அதை ஆட, கோத்தியேயின் வர்ணனை ஒலிக்கிறது. தோலின் நிறம், கண், மூக்கு, கை என்று ஒரு பெண்ணை அங்குலம் அங்குலமாக அளந்த சொற்கள் ஓர் ஆணின் உடம்பின் மீது வந்து விழும்போது அந்த ரசனையின் உள்ளே இருந்த சந்தைத்தனம் பளிச்சென்று தெரிகிறது. சென்னையில் மட்டும் வளர்ந்தவர் கோத்தியேயைத் தேடிப்போயிருக்க மாட்டார். லண்டனில் மட்டும் வளர்ந்தவர் அம்மணிக்காக இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்த உபகதை ஒன்று உண்டு. அம்மணியைக் கண்டு உருகிய அதே கோத்தியே, 3 ஆண்டுகள் கழித்து, 1841இல், 'ஜிசெல்' பாலேயின் கதையை எழுதியவர்களில் ஒருவர். அந்த ஜிசெல்லை 2016இல் இங்கிலிஷ் நேஷனல் பாலே குழுவுக்காகப் புதிதாக அமைத்தவர் அக்ரம் கான். ஜெர்மானியக் கிராமத்துத் திராட்சைத் தோட்டப் பெண் அவர் கையில், மூடிய ஆடைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து துரத்தப்பட்ட குடியேறியாகிவிட்டாள். மேடையை அடைத்து நிற்கும் பெருஞ்சுவருக்கு அந்தப்பக்கம் முதலாளிகள். டாக்காவின் ஆடைத் தொழிற்சாலைகள் நினைவுக்கு வராமல் இதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் மேடையில் வங்கதேசம் என்ற பேச்சே இல்லை, ஒரு புடவைகூட இல்லை. கதக் இருக்கும் இடம் வேறு. கூட்டமாக ஆடுபவர்கள் தாளத்தைத் தரைக்குள் இறக்குகிற விதத்திலும், மணிக்கட்டு திடீரென்று திரும்பி நிற்கிற கூர்மையிலும் அது இருக்கிறது. காதலில் வஞ்சிக்கப்பட்டு இறந்து 'விலி' என்னும் ஆவிகளான பெண்கள் பழைய பாலேயில் வெண்ணிற மென்மையோடு மிதப்பார்கள். இங்கே தலைவிரி கோலமாக, நுனிக்காலில், கையில் நீண்ட கழிகளோடு வரும்போது பயமாக இருக்கிறது. முதல் பாதியில் ஒதுக்கிவைத்த நுனிக்கால் உத்தியைப் பேய்களுக்கு மட்டும் கொடுத்தது சாமர்த்தியமான முடிவு. பாலேவுக்குள் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அந்த உத்தியை அவ்வளவு நேரம் நிறுத்திவைக்கத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

2018இல் வந்த 'ஸீனோஸ்' அவருடைய கடைசி முழுநீளத் தனி ஆட்டம். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகக் கடல் கடந்து போன 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவாக அமைந்தது. கதக் சலங்கை நம்முடையதுபோலத் தோல் பட்டையில் தைத்ததல்ல. நீண்ட கயிற்றில் ஒவ்வொரு மணியாகக் கோத்து, கணுக்காலில் சுற்றிச் சுற்றிக் கட்டுவது. அவிழ்த்தால் நீளமாக வரும். கான் அதை அவிழ்க்கிறார். நடனக்காரனின் சலங்கை முதலில் கைதியின் விலங்காகிறது, பிறகு சிப்பாய் மார்பில் குறுக்காகப் போட்டுக்கொள்ளும் தோட்டா வாராகிறது. அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை, ஒரு படக்காட்சியும் இல்லை. அந்தக் கயிறு எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்பது சிறுவயதிலிருந்து அதைக் கட்டி அவிழ்த்த கைக்குத்தான் தெரியும். மரபு கருப்பொருளாக வருவதற்கும் கருவியாக வருவதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடும்.

இந்த வேறுபாடு புரியாதவர்களின் படைப்புகளும் ஏராளம். பெயர் சொல்லிப் பயனில்லை. இரண்டு முத்திரை, ஒரு உருளல், மின்னணு இசைக்கு மேல் ஒரு ஆலாபனை, பின்னணியில் குங்குமச் சிவப்பு விளக்கு. கலப்பு அங்கே உடையிலும் ஒலிநாடாவிலும் நடக்கிறது, ஆடுபவரின் முழங்காலில் நடக்கவில்லை. அடவைக் கூரிய கோணத்தில் பிடிக்கத் தெரியாமல், தரையில் விழவும் தெரியாமல், இரண்டின் நடுவிலும் மழுப்புகிற உடம்பைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. இரண்டு மரபுகள் என்றால் இரண்டு மடங்கு சாதகம் செய்ய வேண்டும்.

தனி ஆட்டத்தை விட்ட பிறகு கான் என்ன செய்கிறார் என்று கவனித்தால், 2024இல் வந்த 'ஜிஜெனிஸ்' என்ற படைப்பில் அவர் இந்தியச் செவ்வியல் கலைஞர்களிடம் திரும்பியிருக்கிறார்: கேரளத்தின் சம்ஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தின் கபிலா வேணு, மலேசியாவிலிருந்து வந்து பரதமும் பாலேயும் கற்ற மேவின் கூ, லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த பரதக் கலைஞர் மைதிலி பிரகாஷ் என்று வேறுவேறு ஊர்களின் உடம்புகள். இவர்களில் எவருக்கும் கதக்கைக் கற்றுக்கொடுத்து ஒரே அச்சில் வார்க்க அவர் முயலவில்லை. இவருடைய வேலையைப் பார்த்திராதவர்களுக்கு என் யோசனை, ஜிசெல்லிலிருந்து தொடங்காமல் 'தேஷ்' பதிவிலிருந்து தொடங்குங்கள் என்பதே. சோபனாவிடம் வருபவர்கள் பயாதேருக்கு முன் பெதிபாவின் பழைய பாலேயை ஒரு முறையாவது பார்த்துவிடுவது நல்லது. எதன் மீது கோபம் என்பது அப்போதுதான் பிடிபடும்.